இறகைப் பிடுங்கி அனுப்பினால் ஆணா பெண்ணா என்று சொல்கிறார்கள்: ஃபிஞ்ச் வளர்ப்பவர் இதற்குப் பணம் கொடுக்கலாமா?

ஃபிஞ்ச் என்பது தினை தின்னும் சின்னக் கூண்டுக் குருவி. அதில் சாதாரண சாம்பல் நிற ஜீப்ரா ஃபிஞ்ச் வளர்ப்பவர்கள் இந்த டிஎன்ஏ சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். இரண்டு மாதம் பொறுத்தால் பறவையே சொல்லிவிடும். பெங்காலி ஃபிஞ்ச் வளர்ப்பவர்கள், வெள்ளை ஜீப்ரா வைத்திருப்பவர்கள், குஞ்சுகளைச் சீக்கிரமே பிரித்தாக வேண்டியவர்கள் ஆகியோருக்காகத்தான் இந்த விமர்சனம். மற்றவர்களும் படிக்கலாம். கடையில் "கன்ஃபார்ம் ஜோடி" என்று சொல்லி இரண்டு குஞ்சுகளைக் கையில் திணிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் நடுவில் வரும்.

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு ஃபிஞ்ச் வளர்க்கிறேன். வியாபாரம் என்று சொல்ல முடியாது. குஞ்சு பெருகும்போது தெரிந்தவர்களுக்குக் கொடுத்து, தினை வாங்கிய காசைத் திரும்ப எடுத்துக்கொள்வேன். இந்தச் சோதனையை நாட வைத்தவர் அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒரு பள்ளி ஆசிரியை. மகனுக்கு இரண்டு பறவைகள் வேண்டும், ஆனால் அவை குஞ்சு பொரிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். "அக்கா, என் வீட்டில் பிரசவ வார்டு நடத்த எனக்கு நேரமில்லை" என்றார். நியாயமான பேச்சு. ஃபிஞ்சில் சேவலும் பெட்டையும் ஒரே கூண்டில் இருந்தால், கூடு வைக்கக் கலயம் கட்டிக் கொடுக்காவிட்டாலும் தீவனக் கிண்ணத்திலேயே முட்டையிட்டு உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் இரண்டு பெட்டைகளைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் சரிவராது. சேவல் இல்லாமலேயே பெட்டை முட்டையிடும். அதில் கரு இருக்காது, அவ்வளவுதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையைக் கூண்டில் வைக்காமல், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பெட்டையாக இருந்தால் முட்டை உள்ளேயே சிக்கி உயிர் போவதும் உண்டு. ஆக, ஆசிரியை வீட்டுக்குப் பொருத்தமானவை இரண்டு சேவல்கள். பெங்காலிச் சேவல்கள் பெரிய சண்டையில்லாமல் ஒன்றாக இருக்கும், பாடவும் செய்யும். என்னிடம் அப்போது இருந்தவையோ கூட்டைவிட்டு வெளியே வந்து சில வாரங்களே ஆன பெங்காலிக் குஞ்சுகள். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் இது சேவல், இது பெட்டை என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

பெங்காலி ஃபிஞ்ச் காட்டில் எங்கும் கிடையாது. ஆசியக் காடுகளில் இருக்கும் வெண்முதுகுச் சில்லை என்ற சின்னக் குருவியைச் சீனாவிலிருந்து வாங்கி, 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஜப்பானியர்கள் கூண்டில் வளர்த்துப் பழக்கி உண்டாக்கிய பறவை அது. அதே சில்லை இனத்தின் தென்னிந்திய வகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களிலும் இருக்கிறது. இந்தச் சில்லைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வித்தியாசமே கிடையாது. குஞ்சில் மட்டுமல்ல, கிழப்பருவம் வரைக்கும் அப்படித்தான். அந்தக் குணம் பெங்காலிக்கும் அப்படியே வந்திருக்கிறது. சாக்லேட் நிறம், இளம்பழுப்பு, வெள்ளைத் திட்டு என்று எத்தனை வகை வந்தாலும் அவற்றுக்கும் பாலினத்துக்கும் சம்பந்தமில்லை. "கறுப்பு அதிகமாக இருந்தால் சேவல்" என்று ஒரு வியாபாரி என்னிடமே சொன்னார். அவர் கடைக்கு அதன்பிறகு நான் தினை வாங்கக்கூடப் போவதில்லை.

சேவலைக் காட்டிக்கொடுப்பது பாட்டு மட்டுமே. பெட்டை கூப்பிடும், பதில் குரல் கொடுக்கும், பாடாது. சேவல் பாடும்போது ஒரு தோரணை உண்டு: உடலை நிமிர்த்தி, வயிற்று இறகுகளைப் புஸ்ஸென்று உப்பவிட்டு, அலகை லேசாகத் திறந்து, கம்பின் மேல் சின்னச் சின்னதாகத் துள்ளியபடி கரகரவென்று ஓர் ஓட்டம் பாடும். ஒன்றரை மாதக் குஞ்சில் இது இன்னும் முணுமுணுப்பாகத்தான் இருக்கும். தொண்டை துடிப்பது தெரியும். சத்தம் காதுக்கு எட்டினால் அதிர்ஷ்டம். மதியம் மற்ற பறவைகள் தூங்கி வழியும் நேரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்ளும் குஞ்சைக் கண்டால் உடனே காலில் ஒரு நிற வளையம் போட்டுவிட வேண்டும். சந்தேகமான குஞ்சைத் தனிக் கூண்டில் சிறிது நேரம் வைத்துவிட்டு மறுபடி கூட்டத்தோடு சேர்த்தால், சேவலாக இருந்தால் பெரும்பாலும் சேர்ந்தவுடன் பாடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாடிவிட்டால் சேவல், சந்தேகமே வேண்டாம். பாடாவிட்டால் பெட்டை என்று சொல்ல முடியுமா? முடியாது. கூச்ச சுபாவமுள்ள சேவல் இருக்கும், மற்றொரு சேவலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கும் சேவல் இருக்கும், நாம் மாடிப்படி ஏறும் ஓசை கேட்டதும் நிறுத்திவிடும் சேவல் இருக்கும். பாட்டை வைத்துச் சேவலை உறுதிப்படுத்தலாம். பெட்டையை உறுதிப்படுத்த வழியில்லை. டிஎன்ஏ சோதனைக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான்.

ஜீப்ராவில் இந்தத் தலைவலி இல்லை. குஞ்சு சுமார் மூன்று வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே வரும்போது எல்லாமே பெட்டையைப் போல் சாம்பலாக இருக்கும், அலகு கறுப்பாக இருக்கும். கறுப்பு அலகோடு இருக்கும் குஞ்சுகளை ஜோடி என்று சொல்லி விற்றால் அது வெறும் ஊகம். ஒரு மாதம் தாண்டியதும் அலகின் கறுப்பு கலைய ஆரம்பிக்கும். ஏறக்குறைய அதே சமயத்தில் சேவல் குஞ்சின் மார்பில் ஒன்றிரண்டு கறுப்பு இறகுகளும், கன்னத்தில் அரைகுறையாக ஆரஞ்சுப் புள்ளிகளும், விலாவில் செம்பழுப்பும் எட்டிப் பார்க்கும். முதலில் தென்படுவது பெரும்பாலும் மார்புக் கறுப்புதான். கையில் பிடித்து மார்பு இறகை ஊதிப் பார்த்தால் அடியில் கரும்பொட்டு தெரியும். இரண்டு மாதத்தில் தெளிவாகிவிடும், மூன்று மாதத்தில் முழு வேஷமும் ஏறிவிடும். அந்த மூன்றாம் மாதத்தில்தான் அவை இனப்பெருக்கத்துக்கும் தயாராகின்றன என்பதால், கூடப்பிறந்தவற்றைப் பிரிக்க நமக்கு நடுவில் ஒரு மாத அவகாசம் தாராளமாகக் கிடைக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் கண்ணுக்குக் கீழே இறங்கும் கறுப்புக் கண்ணீர்க் கோட்டிலும், வாலில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டையிலும்தான். இரண்டுமே சேவலுக்கும் உண்டு, பெட்டைக்கும் உண்டு. "வரிக்குதிரைக் கோடு இருக்கிறது பாருங்கள், சேவல்தான்" என்று கடைக்காரர் வாலைக் காட்டினால், தொண்டையைக் காட்டச் சொல்லுங்கள். சேவலுக்கு மட்டும் உரிய வரி இருப்பது அங்கேதான்.

நிறம் மாறிய வகைகளில் கதை வேறு. வெள்ளை ஜீப்ராவில் கன்னப் பொட்டும் இல்லை, மார்புப் பட்டையும் இல்லை. அலகின் சிவப்பை வைத்துத்தான் சொல்கிறார்கள்: சேவலுக்குப் பவளச் சிவப்பு, பெட்டைக்கு ஆரஞ்சு. வளர்ந்த பறவைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது இது ஓரளவு சரி. இளம் பறவையில் அலகு இன்னும் நிறம் மாறிக்கொண்டிருக்கும். நோயில் விழுந்த சேவலின் அலகு வெளிறிப்போகும். தீவனத்தில் கீரையும் பச்சையும் குறைந்தாலும் சிவப்பு குறையும். கறுப்புக் கன்னம் என்று ஒரு வகை வருகிறது, அதில் பெட்டைக்கும் கன்னத்தில் கருஞ்சாம்பல் பொட்டு இருக்கும். சாதாரண ஜீப்ராவின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போனால் இரண்டு பெட்டைகளைச் சேவல் ஜோடி என்று நினைத்து வாங்கி வருவோம்.

இதற்கெல்லாம் நேர் எதிராக, குஞ்சு கூட்டில் இருக்கும்போதே பாலினம் தெரியும் ஒரு வழியும் ஜீப்ராவில் இருக்கிறது, சோதனைச் செலவே இல்லாமல். ஃபான் என்று விற்கும் இளம்பழுப்பு நிறம் பாலினத்தோடு ஒட்டி வருவது. பறவைகளில் பாலினத்தை முடிவு செய்யும் குரோமோசோம்கள் சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஃபான் நிறத்தின் மரபணு இசட்டில் உட்கார்ந்திருக்கிறது. மகளுக்கு இசட் அப்பாவிடமிருந்து மட்டும் வருவதால், ஃபான் சேவலைச் சாம்பல் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் பெட்டைகள் எல்லாம் ஃபான், சேவல்கள் எல்லாம் சாம்பல். இறகு முளைக்கும்போதே பிரித்துவிடலாம். ஜோடியைத் திருப்பிப் போட்டு, கலப்பில்லாத சாம்பல் சேவலோடு ஃபான் பெட்டையைச் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் சாம்பலாகவே வரும், வித்தை பலிக்காது. ஜீப்ரா குஞ்சுகளைச் சின்ன வயதிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதைவிட ஒரு நல்ல ஃபான் சேவலை வாங்குவது மேல்.

இப்போது சோதனைக்கு வருகிறேன். ஆய்வகத்தின் பெயரைச் சொல்லவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதுவும் ஓர் ஆய்வகத்தோடு நிற்கும் குறையாகத் தெரியவில்லை. நடைமுறை எளிது. பணம் கட்டினால் சின்ன ஜிப் கவர்களும் ஒரு படிவமும் கூரியரில் வருகின்றன. மார்பு இறகுகளைப் பிடுங்கிக் கவரில் போட்டு, வளைய எண்ணை எழுதித் திருப்பி அனுப்பினால், முடிவு வாட்ஸ்அப்பில் சான்றிதழாக வருகிறது. ஒரு பறவைக்கு ஆகும் கட்டணத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு ஜோடி சாதாரண ஜீப்ராவே வாங்கிவிடலாம். கிளி வளர்ப்பவர்களுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆயிரக்கணக்கில் விலை போகும் பறவைக்குச் சில நூறு ரூபாய் எம்மாத்திரம்? ஃபிஞ்சுக்கு இது கணிசமான செலவு. அந்தக் கண்ணோட்டத்தில்தான் இதை மதிப்பிட வேண்டும்.

படிவத்தில் இருந்த செய்முறை முழுக்கக் கிளிக்கு எழுதியது. நான்கு இறகு போதும் என்று போட்டிருந்தார்கள். கிளியின் மார்பு இறகுக்கும் ஃபிஞ்சின் மார்பு இறகுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதியவர் பார்த்ததில்லை போலும். பெங்காலியின் மார்பு இறகு என் சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியது, அதில் பாதிக்கு மேல் பஞ்சு. சோதனைக்கு உதவுவது இறகு அல்ல. அதன் அடிக்காம்பில் ஒட்டிக்கொண்டு வரும் கொஞ்சம் திசுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காம்பின் முனையில் வெண்மையாக ஒரு துளி தெரிய வேண்டும். அது இல்லாத இறகை அனுப்புவதும் அனுப்பாததும் ஒன்று. கூண்டின் அடியில் உதிர்ந்து கிடக்கும் இறகைப் பொறுக்கி அனுப்பவே கூடாது: காம்பில் திசு காய்ந்துபோயிருக்கும், அது எந்தப் பறவையுடையது என்றும் தெரியாது.

பிடுங்கும் முறையை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்பதால் எழுதுகிறேன். பறவையை மல்லாக்க உள்ளங்கையில் வைத்து, கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வருமாறு தளர்வாகப் பிடிக்க வேண்டும். மார்பை அழுத்தக்கூடாது, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் பறவையால் மூச்சுவிட முடியும். மார்பு இறகை மெதுவாக ஊதினால் அடித்தோல் தெரியும். காம்பின் அடியைச் சின்ன இடுக்கியால் பிடித்து, இறகு சாய்ந்திருக்கும் திசையிலேயே வெடுக்கென்று இழுக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுத்தால் இறகு நடுவில் அறுந்து காம்பு தோலிலேயே நின்றுவிடும். இளங்குஞ்சில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இறகுகளின் காம்பு நீலம் கலந்த கறுப்பாக, உள்ளே இரத்தத்தோடு இருக்கும். அவற்றைத் தொட வேண்டாம். ஒவ்வொரு பறவைக்கும் பிறகு கையையும் இடுக்கியையும் கழுவித் துடைக்காவிட்டால் ஒன்றின் திசு இன்னொன்றின் கவருக்குள் போய்விடும். பிடுங்கிய இடத்தில் சில வாரங்களில் புது இறகு முளைத்துவிடுகிறது. ஃபிஞ்சுக்குப் பத்து இறகாவது அனுப்புங்கள் என்பேன்.

முட்டை ஓட்டை அனுப்பினாலும் சோதிப்பார்களாம். ஓட்டின் உள்சவ்வில் குஞ்சின் திசு இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாரும் புல்லும் திணித்த ஒரு கலயத்துக்குள் ஐந்தாறு குஞ்சுகள் அடுத்தடுத்த நாட்களில் பொரிந்து வரும்போது, எந்த ஓடு எந்தக் குஞ்சினுடையது என்று யார் கணக்கு வைப்பது? இன்குபேட்டரில் ஒற்றை முட்டை வைத்துப் பொரிக்கும் பெருங்கிளிக்காரர்களுக்குச் சரி. ஃபிஞ்சுக்கு அந்த வசதியால் ஒரு பயனும் இல்லை.

ஆய்வகத்தில் நடப்பது இதுதான். பறவைகளின் இசட், டபிள்யூ இரண்டிலுமே சிஎச்டி என்ற மரபணு இருக்கிறது. ஆனால் இரண்டிலும் அதன் ஒரு துண்டின் நீளம் வேறு வேறு. அந்தத் துண்டை மட்டும் பிசிஆர் முறையில் பல மடங்காகப் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டால், சேவலுக்கு ஒரே பட்டை விழும், பெட்டைக்கு இரண்டு பட்டைகள் விழும். பெரும்பாலான பறவை இனங்களுக்கு ஒரே வேதிப்பொருள் ஜோடியைப் பயன்படுத்தலாம் என்று காட்டிய ஆராய்ச்சிக் கட்டுரை 1998இல் வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தத் தொழில் உலகெங்கும் பரவியது. கேட்பதற்குக் குறையே இல்லாத முறையாகத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் அதன் ஓட்டை தெரியும்: திசு குறைவாக இருந்து, டபிள்யூ பட்டை மட்டும் பெருகாமல் போனால் என்ன ஆகும்? ஒரே பட்டை விழும். பெட்டைக்குச் "சேவல்" என்று சான்றிதழ் வரும். இரண்டு பட்டைகள் விழுந்துவிட்டால், கலப்படம் ஆகாத வரையில், அது பெட்டைதான். அதாவது இந்தச் சோதனை தவறினால் பெரும்பாலும் சேவல் பக்கம்தான் தவறும்.

எனக்கு நடந்ததும் அதுவே. எந்தச் சோதனையையும் எடுத்த எடுப்பில் நம்புகிற ஆள் நான் இல்லை. பாடுகிற வளர்ந்த சேவல் ஒன்றின் இறகையும், முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பெட்டை ஒன்றின் இறகையும் வயது குறிப்பிடாமல் குஞ்சுகளின் கவர்களோடு சேர்த்து அனுப்பியிருந்தேன். இரண்டுமே சரியாக வந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. குஞ்சுகளில் ஆசிரியைக்காக இரண்டு சேவல்கள் தேறின. பச்சை வளையம் போட்டது சில வாரங்களில் முணுமுணுக்க ஆரம்பித்தது. மஞ்சள் வளையம் வாயே திறக்கவில்லை. தனியே வைத்தேன், சேர்த்துப் பார்த்தேன், ஒரு பெட்டையைப் பக்கத்தில் விட்டுப் பார்த்தேன். கூப்பிட்டதே தவிரப் பாடவில்லை. செய்முறையில் சொன்ன நான்கே இறகு அனுப்பிய குஞ்சு அது. மறுபடியும் இறகு பிடுங்கி, இந்த முறை கை நிறைய அனுப்பினேன். முடிவு: பெட்டை.

ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, "சாம்பிள் குறைவாக இருந்திருக்கும் அம்மா" என்று சாவகாசமாகச் சொன்னார் அந்தத் தம்பி. குறைவாக இருந்தால் "முடிவு சொல்ல இயலவில்லை" என்றல்லவா எழுத வேண்டும்? சேவல் என்று முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுப்பானேன்? இரண்டாம் முறைக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். இதில் சிரிப்பு என்னவென்றால், சான்றிதழில் பறவையின் இனம் என்ற இடத்தில் "லவ் பேர்ட்ஸ்" என்று இருந்தது. படிவத்தில் நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை. மஞ்சள் வளையத்தை நானே வைத்துக்கொண்டேன். பாடிக் காட்டிய இன்னொரு குஞ்சைப் பச்சையோடு சேர்த்து அனுப்பினேன்.

ஆகவே என் கணக்கு இப்படி. சான்றிதழ் "பெண்" என்று சொன்னால் நம்பலாம். "ஆண்" என்று சொன்னால் பாட்டுக்குக் காத்திருங்கள். பாட்டு சேவலை உறுதி செய்கிறது, சோதனை பெட்டையை உறுதி செய்கிறது. ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றொன்று நிற்கிறது. இனப்பெருக்கத்துக்குப் பெங்காலி ஜோடி சேர்ப்பவர் பாடும் குஞ்சுகளுக்குப் பணம் கட்டத் தேவையே இல்லை. பாடாமல் மிஞ்சும் குஞ்சுகளுக்கு மட்டும் சோதனை எடுத்தால் செலவு பாதியாகிவிடும், முடிவும் நம்பகமாக இருக்கும்.

இலவசமாகச் சொல்லப்படும் மற்ற வழிகளையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். இடுப்பெலும்பின் இடைவெளியைத் தடவிப் பார்ப்பது முட்டையிடும் பருவத்துப் பெட்டையிடம் ஓரளவு தெரியும், குஞ்சிடம் ஒன்றும் தெரியாது. ஊசியில் நூல் கோத்துப் பறவையின் தலைக்கு மேல் ஆட்டுவது நல்ல பொழுதுபோக்கு.

பாட்டு ஏன் சேவலுக்கு மட்டும் என்பதற்கு விடை தொண்டையில் இல்லை, மூளையில் இருக்கிறது. கானரியிலும் ஜீப்ரா ஃபிஞ்சிலும் பாட்டுக்கான மூளைப் பகுதிகள் சேவலுக்குப் பெட்டையைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பதை நாட்டபோம், ஆர்னால்டு என்ற ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்டார்கள். 2003இல் இன்னொரு விநோதம் ஆய்விதழில் வந்தது: வலப்பாதி சேவல் நிறமும் இடப்பாதி பெட்டை நிறமுமாக இருந்த ஒரு ஜீப்ரா ஃபிஞ்ச். அது சேவலைப் போலவே பாடியது. அப்படி ஒரு பறவை நம் கூண்டில் பிறந்தால், இறகை எந்தப் பக்கத்திலிருந்து பிடுங்கினோம் என்பதைப் பொறுத்துச் சான்றிதழ் மாறும். லட்சத்தில் ஒன்றாக நடக்கும் சங்கதி என்றாலும், படிவத்தில் "இடமா வலமா" என்று கேட்கும் ஆய்வகம் கிடைத்தால் நான் தேங்காய் உடைப்பேன்.

மற்ற ஃபிஞ்சுகளைப் பற்றியும் கேட்பார்கள். கட்த்ரோட் ஃபிஞ்ச் வாங்குபவருக்குச் சோதனை வேண்டாம். சேவல் குஞ்சு கூட்டைவிட்டு வரும்போதே தொண்டையில் மங்கலான சிவப்புப் பட்டையோடு வரும். கோல்டியன் ஃபிஞ்ச் விஷயத்தில் பணம் கட்டுவதில் நியாயம் இருக்கிறது. குஞ்சு சாம்பலும் பச்சையுமாக இருக்கும், நிறம் மாறி முடிய மாதக்கணக்கில் ஆகும். மாறிய பிறகு சேவலின் மார்பு அடர் ஊதா, பெட்டையின் மார்பு வெளிர் ஊதா. வெள்ளை மார்பு வகையில் அந்த அடையாளமும் போய்விடும். விலையும் அதிகம் என்பதால் சோதனைச் செலவு உறுத்தாது. ஜாவா குருவியும் பெங்காலியைப் போலப் பாட்டை வைத்தே சொல்ல வேண்டிய பறவை. அது வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2024இல் வந்த விதிகளின்படி வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கு முன் அந்தக் காகிதத்தைப் பாருங்கள்.

சந்தையில் கூடையில் வைத்து மலிவாக விற்கும் சின்னச் சின்னக் குருவிகளுக்கு இறகு அனுப்பலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் காட்டிய படத்தில் இருந்தவை புள்ளிச் சில்லைகள், அதுவும் பச்சைச் சாயம் பூசியவை. நம் காட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றுக்குச் சோதனை தேவையில்லை, வனத்துறை தேவை.

இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். முறை சரியானது, முடிவு வேகமாக வருகிறது, தெரிந்த பறவைகளில் தவறவில்லை. செய்முறைத் தாளும் மறுசோதனைக் கட்டணமும் இரண்டு புள்ளிகளைத் தின்றுவிட்டன. பணம் கட்டும் முன் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஃபிஞ்சுக்கு எத்தனை இறகு வேண்டும்? திசு போதாவிட்டால் அதைச் சொல்வீர்களா, கட்டணமில்லாமல் மறுபடி பார்ப்பீர்களா? முதல் கேள்விக்கு "எந்தப் பறவையானாலும் நான்குதான்" என்று பதில் வந்தால் இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை, போனை வைத்துவிட்டு வேறு ஆய்வகத்தைத் தேடுங்கள்.